ஷாமலாவின் பாவப் பட்டியல்

கம்பளை
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மகள் ஷாமலாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் அம்மாவும் நானும் சுகம், என் முழங்கால் மட்டும் ஆண்டவர் சொல்லையும் கேட்பதில்லை. நீயும் மன்னார் வெயிலைச் சமாளித்துக்கொண்டு சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். மூன்று நாளாய் நீ என் அழைப்பை எடுக்கவில்லை, அதுபோக என் போனை உன் அம்மா அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். நடந்ததை என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் நீ பேஸ்புக்கில் ஒரு விடைத்தாளைப் போட்டாயே. அப்பா என்ன வேலை செய்கிறார் என்ற கேள்விக்கு நீ படிப்பிக்கும் நாலாம் வகுப்புப் பிள்ளை சஞ்சீவனி, அப்பா கதிரையில் உட்கார்ந்திருப்பார், அம்மா ஏசுவார் என்று எழுதியிருந்தாள். பொய் சொல்வானேன், நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன், நம்ம வீட்டுக் கதை அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும் என்று உன் அம்மா கேட்டாள். பிறகுதான் கீழே மற்றவர்கள் எழுதியதை வாசித்தேன். தாளில் இருந்த பெயரை நீ மறைக்கவில்லை. ஒருவர் தகப்பன் பெயரைக் கண்டுபிடித்துப் போட, கடலுக்குப் போகாத சோம்பேறி என்று இன்னொருவர், பெண்சாதி உழைப்பில் தின்கிறவன் என்று மற்றொருவர். பிள்ளை டீச்சரை நம்பி எழுதியதம்மா அது. எடுத்துச் சொன்னால், எல்லாரும் போடுறாங்கப்பா, சும்மா சிரிக்கத்தானே என்றாய்.

அங்கேதான் எனக்குக் குரங்குப் புத்தி வந்தது. முதல் பாவசங்கீர்த்தனத்தில் பாதரிடம் சொல்லவென்று நீ கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு போன பாவப் பட்டியலை அம்மா பைபிளுக்குள் வைத்திருக்கிறாள். அதைப் படம் பிடித்து உனக்கு மட்டும் அனுப்பி, இதையும் போடட்டுமா, சும்மா சிரிக்கத்தானே என்று கேட்க நினைத்தேன். கண்ணாடி போடாமல் அமுக்கியதில் அது நம் கோவில் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. நூற்று நாற்பது பேர், பாதர் உட்பட. பால்மாவைக் களவாய்த் தின்றதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. டொரதி டீச்சர் வழுக்கி விழ வேண்டுமென்று மாதாவிடம் மன்றாடினேன் என்று எழுதியிருந்தாய் பார், அந்த டொரதி டீச்சரும் குழுவில் இருக்கிறார். அந்த வருசம் கலஹா பஸ்ஸில் ஏறப்போய் விழுந்ததற்கு இப்போதுதான் காரணம் புரிந்தது என்று உடனே பதில் போட்டார். அழிக்கத் தெரியாமல் நான் முழித்த நேரத்துக்குள் அது வேறு இரண்டு குழுக்களுக்குப் போயிருந்தது. இன்று பூசையில் பாதர் என் முகத்தைப் பார்க்காமலே நற்கருணை கொடுத்தார், பார்த்தால் சிரிப்பு வந்துவிடுமே. டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார், மகளை இனி மன்றாட வேணாம்னு சொல்லுங்க கிறகரி, எலும்பெல்லாம் பழசாயிருச்சு என்றார்.

சிரித்துச் சிரித்து எழுதினாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது மகள். ஒன்பது வயதில் நீ ஆண்டவருக்கு எழுதியதை நான் ஊருக்குக் காட்டிவிட்டேன். விடைத்தாள் படத்தை நீ பேஸ்புக்கிலிருந்து நீக்கிவிட்டாய் என்றும், ஆனால் சஞ்சீவனி இரண்டு நாளாய்ப் பள்ளிக்கூடம் வரவில்லை என்றும் அம்மாவிடம் சொல்லி அழுதாயாம். அழுதால் பிள்ளை வராது. பள்ளிக்கூட அதிபரிடம் சொல்லிவிட்டு, தகப்பனும் இருக்கும் நேரம் பார்த்து அவர்கள் வீட்டுக்குப் போ. அந்தக் கதிரைக்காரரிடமும் மன்னிப்புக் கேள். போனைக் கொண்டு போகாதே.

ஆண்டவரும் மாதாவும் உன்னோடு இருக்கட்டும், நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறக்காதே. அந்தப் பிள்ளையிடம் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்டாய் என்பதை ஒரு சொல் விடாமல் எனக்கு எழுதி அனுப்பு. உன்னிடம் நானும் கேட்க வேண்டும், எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
கிறகரி