மண்ணுக்குள் மூன்று பேர்

11 பெப்., செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். முதியோர் கேர் ஹோமில் காலை ஷிப்ட். மாத்திரை ட்ரொலியோடு நிற்கும்போது அக்காவின் போன். அத்தான் வேலை செய்யும் சுரங்கத்தில் மண் சரிந்துவிட்டதாம். ரோட்டுக்கு அடியில் கரண்ட் கேபிள் போடுகிற சுரங்கம். அத்தானும் இன்னும் இரண்டு பேரும் உள்ளே. ஒருவர் போலந்துக்காரர், மற்றவர் பஞ்சாபிக்காரர்.

மனேஜரிடம் சொல்லிவிட்டு வந்தேனா என்பதுகூட ஞாபகமில்லை. ரோட்டை மூடி வைத்திருந்தார்கள். பொலிஸ் கட்டிய டேப்புக்கு இந்தப் பக்கம் அக்கா, குடையில்லாமல். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை என்று தீயணைப்புக்காரர்கள் சொன்னார்கள். பொய் சொல்லாத ஆட்கள். அப்போது அதுவே எரிச்சலாக இருந்தது.

பின்னேரம் பொலிஸ் காரில், ஃபாரஸ்ட் கேட் பக்கம் இருக்கிற அக்கா வீட்டுக்கு. நானும் அங்கேயே தங்கல்.

வாங்க: பால், அக்காவின் பிரஷர் மாத்திரை, சார்ஜர்.

12 பெப்., புதன்

மழை விட்டது. குளிர் விடவில்லை.

காலையில் மாதா கோயில் பெண்கள் ஆறேழு பேர் வந்தார்கள். ஆளுக்கொரு சட்டி. இடியப்பம், சொதி, கத்தரிக்காய்க் குழம்பு. நல்ல மனசுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அயலவர் இப்படிச் சட்டியோடு வருவது செத்தவீட்டுக்கு. அங்கேதான் அடுப்பு மூட்டுவதில்லை. ஒருத்திக்கும் அது உறைக்கவில்லை. எனக்கும் எல்லாவற்றையும் வாங்கி வைத்த பிறகுதான் விளங்கியது. நானும் பெரிய கெட்டிக்காரிதான்.

அக்கா எழும்பி வந்து பார்த்தாள். சத்தம் போடவில்லை.

"இது செத்தவீடில்லை. சட்டியளை அங்கால வைச்சிட்டு வந்து வெங்காயம் உரியுங்கோ."

சோறு, பருப்பு, மீன்குழம்பு. வந்தவர்கள் எல்லாரையும் இருத்திச் சாப்பாடு போட்டாள். அதற்குப் பிறகுதான் செபமாலை. சிலந்தியைக் கண்டாலே கத்துகிறவள் என் அக்கா. எங்கிருந்து வந்தது இந்தத் துணிவு!

செபமாலையில் நான் வாயை மட்டும் அசைத்தேன். அம்மா போன பிறகு எனக்கும் கடவுளுக்கும் பேச்சு இல்லை.

13 பெப்., வியாழன்

இன்றைக்கு என் ஷிப்டை வேறொருத்தி செய்கிறாள். புண்ணியவதி. பஸ் ஸ்டொப்பில் எங்கள் ஆள் ஒருவர் போனில்: "இவங்கள் எப்பதான் ரோட்டைத் திறப்பாங்களோ?" பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே போனேன்.

கையால்தான் தோண்டுகிறார்கள். மெஷின் போட்டால் அதிர்வில் இன்னும் சரியுமாம். ஒரு ஆள் படுத்து நுழையக்கூடிய ஓட்டை. சின்ன மண்வெட்டி. வாளி, வாளி, வாளி. களைத்தவர் வெளியே வர அடுத்தவர் உள்ளே. மேலே எந்த நேரமும் விழக்கூடிய மண். அவர்களுக்கும் வீட்டில் ஆட்கள் இருப்பார்கள்தானே.

ஒரு தீயணைப்புப் பெண், முகமெல்லாம் களிமண், தேத்தண்ணி குடிக்க வந்தாள். கேட்கக் கூடாததைக் கேட்டேன். அவர்கள் உயிரோடு இருப்பதாக நம்புகிறாயா? அவள் மழுப்பவில்லை. தனக்குத் தெரியாது, இன்னும் ஒரு சத்தமும் கேட்கவில்லை, ஆனால் உயிரோடு இருக்கிற ஆளுக்கு என்றுதான் ஒவ்வொரு வாளியும் அள்ளுகிறோம் என்றாள். கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பப் போய்விட்டாள்.

என்ன பெண் அவள்! பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு அந்த இடத்திலேயே, டேப்பைப் பிடித்தபடி, அந்தோனியாரே என்றேன். வேறொன்றும் வாயில் வரவில்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவ்வளவுதான் முடிந்தது.

14 பெப்., வெள்ளி

வெயில்.

மத்தியானம் திடீரென்று பம்ப், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். ஒருவர் கையை உயர்த்தி எல்லாரையும் பேசாமல் நிற்கச் சொன்னார். குழாயில் தட்டுகிற சத்தம். அக்கா பிடித்த பிடியில் என் கை இன்னும் கன்றிப்போய் இருக்கிறது.

பின்னேரம் மூவரும் வெளியே. மூவரும்! ஒரு பொலிஸ்காரர் கைதட்டத் தொடங்க, முழு ரோட்டும் தட்டியது. நான் அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்துக் கட்டிக்கொண்டேன். ஜக்கெட் முழுக்கக் களிமண். கழுவ வேணும்.

இப்போது ஆஸ்பத்திரி. அத்தானுக்குக் கால் முறிவு, தொண்டை கட்டிப்போயிருக்கிறது. அவருடைய தலைமயிரிலிருந்து மண்ணை எடுத்துக்கொண்டே அக்கா கேட்டாள், தோண்டுகிற சத்தம் உள்ளே கேட்டதா என்று.

"இல்லையப்பா, ஒண்டும் கேக்கேல்லை," என்றார். "எப்பிடியும் கிண்டிக்கொண்டிருப்பினம் எண்டுதான் தட்டிக்கொண்டிருந்தம்."