கடைசி ஸீட்டில் ஒருத்தர்

மேற்குத் தாம்பரம்
1.2.1989

ஞானஜோதிக்கு,

பதினோரு வருஷம் கழித்து எழுதுகிறேன். நானாக எழுதவில்லை. உன் அண்ணி யூனிஸ் பக்கத்தில் நின்று எழுத வைக்கிறாள். ஹெப்சிபாவுக்கு மே மாதம் கல்யாணம். அத்தைக்குப் பத்திரிகையை நேரில்தான் வைக்க வேண்டுமாம். பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை வருகிறேன். வைத்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பிவிடுவேன். தங்கச் சொல்லாதே.

நர்ஸ் வேலை என்று மலையேறிப் போனவள், தந்தி கொடுத்தும் அப்பாவின் அடக்கத்துக்கு மறுநாள்தான் வந்து நின்றாய். நான் மறக்கவில்லை. அன்று நான் கதவைத் திறக்காததை நீயும் மறந்திருக்க மாட்டாய்.

தேவானந்தம்

கடுக்காமரத்தூர்
ஜவ்வாது மலை
8.2.1989

அன்பான அண்ணனுக்கு,

கவரில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் டிஸ்பென்சரி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஹெப்சிக்குக் கல்யாணமா! இரட்டைச் சடையோடுதான் எனக்கு ஞாபகம்.

விடியற்காலையில் திருவண்ணாமலை பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து போளூர் வந்துவிடுங்கள். மலைக்கு ஒரு நாளைக்கு ஒரே பஸ், மதியம் ஒரு மணிக்கு. வலது பக்கம் உட்காராதீர்கள். பள்ளம் தெரியும், உங்களுக்குத் தலை சுற்றும். நான் ஸ்டாப்பில் நிற்பேன்.

உங்கள் ஜோதி

மேற்குத் தாம்பரம்
21.2.1989

ஞானஜோதிக்கு,

சனிக்கிழமை வர முடியவில்லை. பள்ளியில் பரீட்சை வேலை. பத்திரிகையை இத்துடன் வைத்திருக்கிறேன். தவறாக நினைக்காதே.

தேவானந்தம்

கடுக்காமரத்தூர்
27.2.1989

அன்பான அண்ணனுக்கு,

பத்திரிகை வந்தது.

சனிக்கிழமை பஸ் வந்ததும் கண்டக்டர் சேட்டுவிடம் கேட்டேன். "தாம்பரத்துலேர்ந்து யாராச்சும் வந்தாங்களா, சேட்டு?"

"யாரும் எறங்கலியேக்கா. கடைசி ஸீட்ல ஒருத்தரு துண்டால மூஞ்ச மூடிகினு குந்திகினு கீறாரு. எறங்க மாட்டாராம், ரிட்டன் டிக்கெட் போட்டுட்டாரு. ஒரு மாதிரி ஆளுக்கா."

உங்களுக்காகச் சமைத்த கோழிக்குழம்பு வீணாகக் கூடாதே என்று, "அவருக்குக் குடு, பசியோட போவாரு" என்று கேரியரைக் கொடுத்தேன்.

மறுநாள் கேரியர் திரும்பி வந்தது. மூடியின் ஓரத்தில் கறிவேப்பிலை வரிசையாக ஒட்டியிருந்தது. அதற்காக அப்பாவிடம் எத்தனை அடி வாங்கியிருப்பீர்கள், அண்ணா? இன்னும் விடவில்லையா?

உடம்புக்கு ஒன்றுமில்லையே? அது மட்டும் எழுதுங்கள். பத்திரிகையைத் திருப்பி அனுப்புகிறேன். அண்ணி சொன்னதுதான் சரி, நேரில்தான் வைக்க வேண்டும்.

ஜோதி

மேற்குத் தாம்பரம்
4.3.1989

அன்புள்ள ஜோதி,

உடம்புக்கு ஒன்றுமில்லை. பொய் எழுதினேன். பொய் சொன்ன பையன்களைப் பெஞ்சு மேல் ஏற்றுகிற வாத்தியார் நான்.

உன்னிடம் கேட்க வேண்டியதையெல்லாம் மனசில் அடுக்கிக்கொண்டுதான் மலையேறினேன். பாதி வழியில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற பஸ் நின்றது. என் காலடியில் ஒரு சாக்குப் பை கிடந்தது. என்னவென்று சேட்டுவைக் கேட்டேன்.

"தபால் பை சார். கடிதாசு, தந்தி எல்லாம் இதுலதான் வரும். ஊருக்காரங்க பிரிச்சிப் பாக்கறதுக்குள்ள நாங்க திரும்பிடுவோம். அவசரம்னாலும் அடுத்த நாள் பஸ்தான்."

அப்பாவின் தந்தியும் இப்படித்தான் யார் காலடியிலோ கிடந்து வந்திருக்கும். நீ படித்துவிட்டு ஓடி வந்தபோது பஸ் போயிருக்கும். மறுநாள் நீ எங்கள் கதவைத் தட்டினாய். நான் உள்ளே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் செருப்பெல்லாம் செம்மண். ஏன் தாமதம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

ஸ்டாப்பில் நின்றாய். தலை நரைத்துவிட்டது உனக்கு. எந்த முகத்தோடு இறங்குவது? துண்டை இழுத்துக்கொண்டேன். பிறகு நீ கொடுத்த சோற்றை வெட்கமில்லாமல் ஒரு பருக்கை விடாமல் தின்றேன்.

பதினொன்றாம் தேதி, சனிக்கிழமை வருகிறேன். மறுநாள் பஸ்ஸில்தான் திரும்புவேன். ஸ்டாப்பில் நான் இறங்காவிட்டால், நீயே ஏறி வந்து துண்டை இழு.

உன் அண்ணன்