மூன்று மூச்சு

ஜூன் 2, செவ்வாய்

இன்று எட்டாவது வார பிஸ்கட். படலக்காரர் (பண்டம் சுற்றும் பிளாஸ்டிக் படலத்தை ஆராய்பவர், நாங்கள் வைத்த பெயர்) கண்டுபிடித்த புதுப் படலத்தில் சுற்றி வைத்தால் எண்ணெய்ப் பண்டம் எத்தனை நாள் வாடை கெட்டுக் காறாமல் இருக்கிறது என்று பார்க்கிறோம். ஏழு பேர், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத ஏழு தடுப்பறை. எண் ஒட்டிய குடுவையைத் திறந்து முகர்ந்து மதிப்பெண் போட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக என் பிழைப்பு மூக்கால்தான் நடக்கிறது. ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பெயரே மூக்கம்மா.

மதியம் குழுத்தலைவி தாளை நீட்டினாள். 614ஆம் குடுவைக்கு ஆறு பேரும் காறல் என்று போட்டிருக்கிறார்கள். நான் மட்டும் 'புதியது'.

"சளி ஏதாவது பிடிச்சிருக்கா அக்கா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. அந்த ஆறு பேரும் காலையில என்ன தின்னுட்டு வந்தாங்கன்னு கேளு."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

ஜூன் 4, வியாழன்

பதினொன்றாம் தேதி நெருங்குகிறது. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம்.

மகள் இன்றும் கேட்டாள். "இந்த வருஷமாவது நானும் மோந்து பார்க்கட்டுமாம்மா? ஒரே ஒரு தடவை."

முடியாது என்றேன். கல்நெஞ்சம் என்று நினைத்திருப்பாள். ஆனால் அவளுக்கு எப்படிப் புரிய வைப்பது? வாசனை என்பது பொருள். துணியிலிருந்து கிளம்பி மூக்குக்குள் போனால் போனதுதான், திரும்பித் துணிக்கு வராது. அவர் கடைசியாகப் போட்டுக் கழற்றிய நீலச் சட்டையை அன்றைக்கே படலக்காரரிடம் வாங்கிய பையில் போட்டு, சூடு வைத்து ஒட்டினேன். வருஷத்துக்கு ஒரு முறை ஓரத்தை வெட்டுவேன், மூன்று மூச்சு இழுப்பேன், மறுபடி ஒட்டுவேன். என் கணக்குப்படி நான் சாகும்வரை வரும். இரண்டு பேருக்கு என்றால் பாதி நாள்தான்.

போன வருஷம் அப்படியே இருந்தார். ஷேவிங் சோப்பு. செம்புக் குழாயைப் பற்றவைக்கும் புகை (ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்கு அது தோலோடு ஒட்டிக்கொள்ளும்). புதினா மிட்டாய். இந்த மூன்றையும் மகளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். நாலாவதை மட்டும் சொன்னதில்லை. மிட்டாய்க்கு அடியில் சிகரெட். கல்யாணத்துக்கு முன்பே விட்டுவிட்டதாக எல்லோரையும் நம்ப வைத்திருந்தார். தினம் ஒன்று, வேலை முடிந்து வரும் வழியில். மூக்கம்மாவிடமே மறைத்துவிட்டோம் என்று அவருக்கு ஒரு பெருமை. அதை ஏன் கெடுப்பானேன்?

ஜூன் 7, ஞாயிறு

பால் அடிப்பிடித்துவிட்டது. மகள் பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்து அடுப்பை அணைத்தாள். "அடுப்புப் பக்கத்துலயே நிக்கறீங்களேம்மா." அவர் நினைப்பில் நின்றிருப்பேன். பாத்திரம் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்தது.

ஜூன் 11, வியாழன்

ஒன்றும் இல்லை.

வெட்டினேன். முகத்தை வைத்து இழுத்தேன். இல்லை. இரண்டாவது மூச்சு. இல்லை. மூன்றோடு நிறுத்தவில்லை, சட்டையை வெளியே எடுத்து, காலரில், அக்குளில், சட்டைப்பையில்... எங்கேயும் இல்லை. வெறும் துணி. கடையில் புதிதாக வாங்கினால்கூட ஒரு வாடை இருக்கும், இதில் அதுகூட இல்லை.

போய்ட்டீங்களா? இப்பவும் சொல்லாமயே போய்ட்டீங்களா?

ஜூன் 12, வெள்ளி

சட்டையைத் துவைத்துவிட்டேன்.

வாசனை போன பிறகு அதைப் பொத்தி வைத்துக்கொண்டு என்ன செய்வது? கோபம்தான், ஒப்புக்கொள்கிறேன். சோப்புத்தூள் போட்டு ஊறவைத்து, பிரஷ்ஷால் காலரைத் தேய்த்து, அலசிப் பிழிந்தேன்.

மகள் வேலையிலிருந்து வந்தபோது சட்டை கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் நின்றாள்.

"வாசனை போயிடுச்சு," என்றேன். "ஒண்ணுமே இல்ல. அந்தப் பைதான் சரியில்ல."

"எனக்கு ஒரு தடவை காட்டியிருக்கலாம்மா," என்றாள். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் தேவலை.

ஜூன் 15, திங்கள்

காலிப் பையைத் தூக்கிக்கொண்டு நேராகப் படலக்காரர் அறைக்குப் போனேன். எத்தனை வருஷமானாலும் தாங்கும், ஒரு துளி வெளியே போகாது என்று சொன்னவர் அவர்தானே. அவருடைய மாணவர்கள் எதிரிலேயே பையை மேசைமேல் போட்டேன். "உங்க ஆராய்ச்சியக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க. இதுக்குள்ள என் வீட்டுக்காரர் இருந்தாரு." 

அவர் பையை எடுத்து, வெட்டிய வாயை மடித்துக் கிளிப் போட்டு வைத்தார். "ஒழுகுதான்னு பார்த்துச் சொல்றேன் அக்கா. நாலு நாள் குடுங்க."

ஜூன் 17, புதன்

614க்கு இயந்திரத்தின் முடிவு வந்தது. காறல்தான். நன்றாகவே காறியிருக்கிறது. ஆறு பேரும் சரி.

ஜூன் 19, வெள்ளி

படலக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பை ஒழுகவில்லை. ஒட்டிய இடமும் ஒழுகவில்லை. சொல்லிவிட்டு எழுந்து போகாமல் உட்கார்ந்தே இருந்தார்.

"இன்னும் என்ன?" என்றேன்.

"அக்கா, பையில வாசனை இருக்கு."

என்ன வாசனை என்று கேட்டேன்.

"ஆம்பளை சட்டை வாசனை. பொங்கிட்டு வரல. ஆனா இருக்கு. படலத்தோட உள்பக்கம் வாசனையைக் கொஞ்சம் உறிஞ்சி வச்சிக்கும். அது என் படலத்தோட குறை, ரெண்டு வருஷமா அதைச் சரிபண்ணத்தான் மண்டையை உடைச்சிக்கறேன். உங்களுக்கு வரலையா?"

பையைப் பிரித்து நீட்டினார். முகர்ந்தேன். இல்லை. அவர் மேசையில் இருந்த காபிக் குவளையை முகர்ந்தேன். சூடு தெரிந்தது. காபி இல்லை.

காலையில் ஷாம்பூ? நேற்றுப் பெட்ரோல் பங்கில்? எப்போதிலிருந்து? எனக்குத் தெரியவே தெரியாது. மூக்கு கெட்டிருக்கும் என்ற நினைப்பு ஒரு நொடிகூட வரவில்லையே. ஆறு பேரைக் குறை சொன்னேன், பையைக் குறை சொன்னேன், செத்துப்போனவரைக் குறை சொன்னேன்.

சட்டையில் இருந்திருக்கிறது. நான் வாளியில் முக்கும்போது அதில் அவர் இருந்திருக்கிறார். ஐயோ, பிரஷ் வச்சில்ல தேச்சேன்.

ஜூன் 20, சனி

எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 24, புதன்

நரம்பு டாக்டர். அட்டையைச் சுரண்டிச் சுரண்டி நாற்பது வாசனை முகரச் சொன்னார். நாற்பதில் ஒன்பது சரி, அதுவும் குத்துமதிப்பாகப் போட்டவை. மூக்குக்குள் அடைப்பு எதுவும் இல்லையாம். சளி, காய்ச்சல், தலையில் அடி என்று எல்லாவற்றையும் கேட்டார். பிறகு நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார்.

"கையெழுத்து சின்னதா ஆயிருக்கா?"

ஏன் என்று கேட்டேன். சிலருக்குப் பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதம் வருவதற்குப் பல வருஷம் முன்னாலேயே மூக்கு போய்விடுகிறதாம், இப்போது ஆராய்ச்சிகள் அப்படித்தான் சொல்கின்றனவாம். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை, காரணமே தெரியாமலும் போகும், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். அனுமானமாகப் பேசுகிற ஆராய்ச்சிக்காரர்களோடுதான் என் வாழ்நாளே போயிருக்கிறது. அதனால் அவர்மேல் கோபம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து கோடு போடாத இந்த நோட்டைப் புரட்டினேன். ஜனவரியில் பக்கத்துக்குப் பதினெட்டு வரி. இந்தப் பக்கத்தில் இருபத்தாறு.

ஜூன் 25, வியாழன்

மகளிடம் சொல்லவில்லை. வாசனை போய்விட்டது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பொய்யில் அவளுக்கு ஒரு நிம்மதி இருக்கிறதே. இருந்ததை நான் அலசிக் கொட்டினேன் என்று எந்த வாயால் சொல்வேன்?

ஜூலை 3, வெள்ளி

தடுப்பறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி குடுவைகளில் எண் ஒட்டும் வேலை. குழுத்தலைவி கண் கலங்கிச் சொன்னாள். பாவம், நான்தான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது. "மூக்கு இல்லாட்டி என்ன, பேரை மாத்திடாதீங்கடி," என்றேன். இந்த முறை சிரித்தாள்.

கிளம்பும்போது படலக்காரர் ஓர் உறையைக் கொடுத்தார். உள்ளே அந்தப் பை, வாய் மறுபடி ஒட்டப்பட்டு. "அன்னிக்கு அப்புறம் நான் திறக்கல. ஒரு தடவைக்கு வரும்னு நினைக்கறேன். அதுக்கு மேல சந்தேகம்தான்."

பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 5, ஞாயிறு

காலையில் மகளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மூக்கு, டாக்டர், நோட்டு வரிகள், வாளி. கடைசியில் வாளியைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு விரல்களைப் பார்த்தாள், நடுங்குகிறதா என்று.

பையையும் கத்தரிக்கோலையும் அவள் முன் வைத்தேன். "உனக்குத்தான். முழுசா."

"உங்களுக்கு?"

"எனக்கு எதுக்கு? நீ மோந்து பார்த்துட்டுச் சொல்லு."

ஜன்னலைச் சாத்தினேன், மின்விசிறியை நிறுத்தினேன். அவள் ஓரத்தை வெட்டி முகத்தை வைத்தாள். நான் நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டேன், பழக்க தோஷம்.

"முதல்ல என்ன வருது?"

"சோப்பு. ஷேவிங் சோப்பு." மறுபடி இழுத்தாள். "பத்தவைக்கற புகை... புதினா."

பேனாவை மூடினேன். நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் திருப்பிச் சொல்கிறாள். விடை தெரிந்தவர்களைத் தடுப்பறையில் உட்கார வைப்பதில்லை. அம்மாவுக்காகச் சொல்கிறாள், நல்ல பெண், போகட்டும் என்று நினைத்தேன்.

அவள் முகத்தை எடுக்கவில்லை. மூன்றாவது முறையும் இழுத்தாள்.

"அம்மா, அடியில வேற ஒண்ணு வருது. கசப்பா... சிகரெட்டா இது? அப்பாதான் பிடிக்கவே மாட்டாரே."

அது எனக்கு மட்டும் தெரிந்த வாசனை. யாரிடமும் சொன்னதில்லை, அவரிடம்கூட.

"பிடிப்பாருடி," என்றேன். "தினம் ஒண்ணு."

அவள் அழுதாள், சிரித்தாள், திருட்டு அப்பா என்றாள். பிறகு பையை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "இழுங்கம்மா. நான் சொல்லிக்கிட்டே இருக்கேன்."

அவள் சொல்லச் சொல்ல நான் மூன்று மூச்சு இழுத்தேன்.