வலது தொடையில் என் பங்கு

நான்காம் மாதம், 3

அப்பா ஆலயத்திலிருந்து பலியாட்டின் வலது தொடையைக் கொண்டுவந்தார். எனக்கு விழுந்த துண்டு பெரியது. வாழ்க என் விதவைக் கோலம்.

எழுதவே வெட்கமாக இருக்கிறது. என் குயவன் ஏலோன் போய் இரண்டு மாதம்தான் ஆகிறது. ஆலயத்தில் பலி செலுத்தும் ஆசாரியனின் மகள் வெளியாளைக் கட்டினால் பலிப்பங்கைத் தொடக் கூடாது. பிள்ளையில்லாமல் விதவையாகத் திரும்பினால் பழையபடி தின்னலாம். குயவனைக் கட்டிய இரண்டு வருஷமும், இங்கே வந்தபோதெல்லாம், விலைக்கு வாங்கிய அடிமைப்பெண் கறி கடிக்க, நான் பயற்றங்கூழ் விழுங்கினேன். இத்தனை சட்டச் சுருள் வாசித்தவள் மறக்காமல் வைத்திருப்பது இதைத்தான்.

4

ஏலோன் செய்த பானை ஒன்று உடைந்தது. அதன் ஓட்டில்தான் எழுதுகிறேன். அழுதேன். பிறகு பசித்தது.

9

மில்கா அண்ணி முற்றத்தில், எல்லார் காதிலும் விழும்படி: "வந்ததிலேர்ந்து ஒரு நாளாவது தட்டைத் தள்ளியிருக்கியாடி? தீட்டு வந்தா எங்களுக்கெல்லாம் ஏழு நாள் கறி கிடையாது. உனக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"உங்களுக்குப் பொறாமை, அண்ணி." சிரித்தேன்.

அப்புறம்தான்— இரண்டு மாதமுமா? ஒரு நாள்கூடவா விடவில்லை?

தீட்டுச் சட்டத்தை வரி தப்பாமல் சொல்பவள். சொந்த உடம்பை எண்ணத் தெரியவில்லை.

10

தலைவலி என்று ஒதுங்கினேன். "அப்பாடா, வந்துடுச்சா!" என்றாள் அண்ணி. மறுக்கவில்லை. ஏழு நாள் கிடைத்தது.

12

துக்கத்தில் தள்ளிப்போகுமாம். இருக்கலாம்.

வயிற்றில் பிள்ளை இருந்தால் நான் ஏலோன் வீட்டுக்காரி, பங்கு போச்சு. தெரியாமல் தின்றதற்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் திருப்பித் தர வேண்டும். யாரிடம்? என் அப்பாவிடம்!

கறிக்காகத்தான் வாயை மூடியிருக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன். அதுவே சௌகரியம். சொல்லிவிட்டு, பிறகு இல்லையென்று ஆகிவிட்டால்? ஏலோனை இன்னொரு முறை புதைக்க என்னால் முடியாது. முடியவே முடியாது.

15

அடுத்த வீட்டுக் கறி வாசனைக்கே குமட்டியது. எனக்கு! சாட்சி வேறு வேண்டுமா?

17

"ஏழு நாள் ஆச்சே, குளிச்சிட்டு வந்து உட்காரு" என்றாள் அண்ணி. அப்பா தொடையை அறுத்து முதல் துண்டை எனக்கு நீட்டினார்.

"எனக்கு வேணாம்ப்பா. கூழ் போதும்."

அண்ணியின் கை அப்பத்தின் மேலேயே நின்றது. அப்பா கத்தியைக் கீழே வைத்தார். அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் தானே தூக்கிவந்தார். ஒரு கரண்டி ஊற்றினார். இன்னொன்று.

"ஒண்ணு போதும்ப்பா."

"அந்த ஒண்ணு உனக்கு, அம்மா" என்றார்.

கூழில் உப்பே இல்லை. வழித்துத் தின்றேன்.