ஏழு நாள் என்று சொன்ன கைநூல்

குண்டசாலை,
2007 பெப்ரவரி 4

அன்புள்ள பாலாம்பிகைக்கு,

நலம். குளிர்தான் முழங்காலைப் பிடிக்கிறது.

கண்டிக்குப் புதிதாக வரும் தமிழருக்கென்று நான் எழுதி, நமது சங்கம் மூன்று தடவை பதிப்பித்த கைநூலை இனி அச்சிடாமல் இணையப் பக்கமாக்கச் செயலாளராகிய நீர் தீர்மானம் கொண்டுவந்திருக்கிறீர். சண்டைக்குப் பயந்து மன்னாரிலிருந்து பெட்டியோடு ஓடிவருகிறவன் கணினியைத் தேடியா போவான்? அச்சேறியதற்கு ஒரு மரியாதை உண்டு. உமது இணையப் பக்கத்தில் கடலைகூடச் சுற்ற முடியாது. தமிழ் படிப்பிக்கிற உமக்கு, "கிளிக் பண்ணவும்" என்றெழுதக் கை கூசவில்லையா? தேயிலைத் தோட்டப் பக்கத்துத் தமிழென்று பொறுத்துக்கொள்கிறேன்.

தலைவர்,
சி. நவரட்ணராஜா

கண்டி,
2007 பெப்ரவரி 19

மதிப்புக்குரிய தலைவர் ஐயாவுக்கு,

என் தமிழைப் பற்றிப் பிறகு பேசலாம். மன்னாரிலிருந்து வந்த செசிலியா என்ற பெண்ணை நேற்றுப் பொலிஸார் பிடித்துவிட்டார்கள். வந்து ஏழு நாளுக்குள் பொலிஸில் பதிந்தால் போதும் என்கிறது உங்கள் கைநூல். ஒரே நாளுக்குள் பதிய வேண்டுமென்று விதி மாறி ஐந்து மாதமாகிறது. திருத்தத் துண்டு ஒட்டலாமா என்று அன்றே கேட்டேன். "ஒட்டினால் புத்தகத்தின்ர வடிவு கெட்டுப்போம்" என்றீர்கள். அவள் நான்காம் நாள் பதியப் போனாள். அங்கேயே நிறுத்திவிட்டார்கள்.

உங்கள் முன்னுரை நான்கு பக்கம். அதில் ஒரு வரியும் பழசாகவில்லை. விஷயம் இருந்தால்தானே பழசாக.

இதை ஆள் மூலம் கொடுத்தனுப்புகிறேன். நாளை காலை ஒன்பதுக்குப் பொலிஸ் நிலையத்துக்கு வாருங்கள்.

பாலாம்பிகை

குண்டசாலை,
2007 பெப்ரவரி 23

அன்புள்ள பாலாம்பிகைக்கு,

அன்று நடந்ததை நீர் சங்கத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லையாம். பெருந்தன்மையோ, இளக்காரமோ?

அதிகாரி செசிலியாவின் பையிலிருந்த கைநூலை மேசையில் போட்டு, இதை யார் எழுதியதென்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். முப்பத்தொரு வருடம் அரசாங்க உத்தியோகத்தனாய்க் கச்சேரியில் சிங்களத்தில் கோவைகள் எழுதியவன் நான். "தெரியாது" என்றேன். அட்டையில் என் பெயர் தமிழில் கிடந்தது. அவருக்கு வாசிக்கத் தெரியவில்லை. நீர் முன்னால் வந்து, "நான்தான் எழுதினேன், பிழையும் என்னுடையது" என்றீர். உம்மை உள்ளே கூட்டிப்போய் விசாரித்தார்கள். நான் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

எண்பத்து மூன்று கலவரத்தில் வீடு எரிந்தவன் என்று காரணம் சொல்லலாம். சொல்ல மனம் வரவில்லை.

தலைவர் பதவியை விடுகிறேன். என்னைப் பற்றி என்ன நினைக்கிறீர் என்று எழுதும். தாங்குவேன்.

நவரட்ணராஜா

கண்டி,
2007 மார்ச் 12

ஐயாவுக்கு,

உங்கள் விலகலைச் சங்கம் ஏற்றுக்கொண்டது.

பக்கம் திறந்தாயிற்று. முதல் வரியில் பதிவு விதி, அடுத்ததில் கடைசியாகத் திருத்திய திகதி. அக்குறணையில் நெட் கடை வைத்திருக்கும் மக்கீன் நானா, கணினி தெரியாதவர்களுக்கு அச்செடுத்துக் கொடுக்கிறார். விதி போன வாரமும் மாறியது. அன்றே திருத்தினேன்.

மூன்றாம் நாள் விடுதலையான செசிலியா என் வீட்டில்தான் இருக்கிறாள். நேற்றுச் சோறு போடும்போது, "அண்டைக்குப் பொலிஸுக்கு உங்களோட வந்த ஐயா ஆர் அக்கா?" என்று கேட்டாள்.

என்னோடு ஒருவரும் வரவில்லை என்றேன்.

பாலாம்பிகை