எவர்சில்வர் போல்டு

ஆவணி 12, செவ்வாய்.

எங்கள் தெருவுக்குப் பொதுவான பம்பு காலையில் பாசி அடைத்து நின்றுவிட்டது. பண்ணையார் வாய்க்கால் மடையை அடைத்ததிலிருந்து எங்கள் நாற்றுக்கு அந்தப் பம்புத் தண்ணீர்தான். போன வருஷம் பம்பின் அலுமினிய மூடியில் இரும்பு போல்டு துருவேறி இறுகி, உளியால் அடித்ததில் மூடியே உடைந்தது, நாற்றும் கருகியது. அதனால் புது மூடிக்கு எவர்சில்வர் போல்டு வாங்கி, கிரீஸ் தடவிப் பூட்டினேன்.

"வீட்டுல ஒரு எவர்சில்வர் சொம்பு இல்ல, போல்டுக்கு எவர்சில்வர் கேக்குதா?" என்றாள் அப்போது என் மனைவி.

இன்று ஸ்பானரை வைத்ததும் நான்கு போல்டும் சுலபமாகக் கழன்றன! மூடியைத் திறந்து பாசியை வழித்தெடுத்தேன். மத்தியானத்துக்குள் தண்ணீர் பாய்ந்தது.

வரப்பில் நின்று பார்த்த பண்ணைக் காரியஸ்தர், "எங்க பம்பும் இறுகிக் கெடக்கு. கழட்டித் தர்றியாப்பா?" என்றார்.

"முதல்ல மடையத் தொறந்து விடுங்க" என்றேன்.

இதை எழுதும்போது வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறது.