மலர்விழிக்கு வந்தது அம்மை இல்லை

பாப்பிரெட்டிப்பட்டி,
ஆவணி 9

அன்பு மகன் மாதேஸ்வரனுக்கு அம்மா எழுதுவது. நீ உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் மாடு கன்றும் சுகம். உன் பெண்சாதியும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் அவள் காதில் விழும், எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வரும், அதனால்தான் லீவு முடிந்து நீ இருக்கும் மஸ்கட்டுக்கே திரும்பும் நம்ம ஊர்த் தீர்த்தகிரியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஆடித் திருவிழாவில் மலர்விழி உன் பேருக்குத்தான் மாவிளக்கு எடுத்தாள். கோயில் வாசலுக்குப் போவதற்குள் காற்றில் விளக்கு அணைந்துவிட்டது. எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆங்காரம் வந்ததோ, ஊர்ப் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் "உம்மனசு சுத்தமில்லடி, எம்பையனுக்கு அங்க ஒன்னு ஆச்சின்னா நீதான் காரணம்" என்று கத்திவிட்டேன். அவள் அணைந்த விளக்குத் தட்டைப் பிடித்தபடி நின்றாள். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, நான் வீம்பு என்று நினைத்தேன். அடுத்த வாரமே இடுப்பில் ஒரு பக்கமாக எரிகிறது என்றாள், பிறகு கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. அம்மன் தண்டித்துவிட்டாள் என்று தெருவெல்லாம் சொன்னதும் நான்தான், உனக்குப் போன் போட்டுச் சொன்னதும் நான்தான். அம்மை பார்த்த வீட்டில் மருந்து கூடாது என்று வாசலில் வேப்பிலை செருகி அவளைப் படுக்க வைத்தேன். வலி பொறுக்காமல் அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

டாக்டரம்மா பார்த்ததுமே இது அம்மை இல்லை, அக்கி என்றார். சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி நரம்புக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருக்குமாம், மனசுக்குப் பெரிய அடி விழுந்து ஊணும் உறக்கமும் கெட்டால் உடம்பின் காவல் தளர்ந்து அது விழித்துக்கொள்வதும் உண்டாம். "மொதல்லயே வந்திருந்தா மாத்திரை நல்லா கேட்டிருக்கும், இனி வலி கொஞ்ச நாள் இழுக்கும்" என்று என்னைக் கடிந்துகொண்டார். பிறகு அவளிடம், வூட்ல மனசு நோகற மாதிரி ஏதாச்சும் நடந்துச்சாம்மா என்று கேட்டார். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. அவள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "ஒன்னுமில்லைங்க டாக்டர், எங்க அத்தை என்னை நல்லாத்தான் பாத்துக்கறாங்க" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இப்போது கொப்புளம் காய்ந்துவிட்டது, வலிதான் விடவில்லை, புடவைக் கொசுவம் பட்டாலே துடிக்கிறாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று நேற்றும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், கஞ்சி வேணுமா என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். தெருவில் விசாரிக்கிறவர்களிடம் மட்டும், அம்மன் ஒன்னும் பண்ணலைங்க, எல்லாம் என் வாயாலதான் என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறேன். என் பேச்சைக் கேட்டு நீயும் அவளோடு பேசாமல் இருக்கிறாயே சாமி, அந்த வேதனையும் அவள் உடம்பைத்தானே தின்னும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலையைக் காயவிடாதே. அம்மன் உங்கள் இருவரையும் ஒற்றுமையாக வைத்துக் காப்பாற்றட்டும். இதைப் படித்ததும் போன் போடு, எனக்கு வேண்டாம், அவளுக்குப் போடு. வலிக்கிறதா என்று கேள். ஒன்றுமில்லை என்றுதான் சொல்வாள், நம்பாதே.

இப்படிக்கு,
அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாத உன் அம்மா
சென்னம்மாள்